நூற்றுப் பதினேழாவது ஈ

ஆயத்தப் புலி என்று ஓர் இனம் உண்டு. அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம். உங்கள் தெருவிலேயே, பெரும்பாலும் மூன்றாவது வீட்டில், சட்டையில்லாமல் முன்னறையில் உட்கார்ந்து எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். இந்தப் புலி எதையும் செய்யாது. செய்வதற்குத் தயாராகும். நாளை முதல் காலையில் ஓடப் போகிறவர் இன்றைக்கே கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசிக் காய வைத்து, ஓடும் தூரத்தைக் குறிக்க நோட்டு வாங்கி, நோட்டுக்கு அட்டை போட்டு, அட்டைமேல் பெயர் எழுதி, எழுத்து கோணிவிட்டதென்று கிழித்து வேறு அட்டை போடுவார். ஓடுவாரா? நல்ல கேள்வி. அதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.

போர்ட் பிளேரில் இந்த இனம் மற்ற ஊர்களைவிடக் கொழுத்து வளர்ந்த காலம் ஒன்று உண்டு. மெயின்லேண்டிலிருந்து கப்பல் எப்போதாவதுதான் வரும். தபாலும் வெங்காயமும் வாரப் பத்திரிகையும் அதில்தான் வரும். கப்பல் போனபின் அடுத்த கப்பல் வரும்வரை ஊரே காத்துக் கிடக்கும். காத்துக் கிடக்கும் ஊரில் ஆயத்தப் புலிக்கு என்ன குறை? அப்படி ஒரு சொகுசான காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க்காக இருந்த சிவஞானத்தைத்தான் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியாக உங்கள் முன் நிறுத்துகிறோம்.

சிவஞானம் பாளையங்கோட்டைக்காரர். சைவர். சாதாரண சைவரில்லை, அடுத்த வீட்டில் மீன் பொரித்தால் இவர் வீட்டு ஜன்னல் சாத்தப்படும். அப்படிப்பட்டவர் மூன்று வருஷமாக உயிரைக் கொடுத்துச் செய்துவந்த காரியம், மீன் பிடிக்க ஈ கட்டுவது. ஈ என்றால் நம் பலகாரத்தில் உட்காரும் ஈ அல்ல. தூண்டில் முள்ளின்மேல் நூலும் கம்பளியும் கோழி இறகும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி போலச் செய்வது. மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பி வாயைத் திறக்க வேண்டும். உயிருள்ள இரையே தேவையில்லை என்பதில்தான் சிவஞானம் மயங்கினார். "ஒரு பூச்சியைக்கூடக் கொல்லாம மீன் பிடிக்கலாம்வே!" என்று எல்லாரிடமும் சொல்வார். மீனின் கதி என்ன என்று யாரும் கேட்டதில்லை.

ஊரை விட்டுப் போன ஒரு பெரிய அதிகாரியின் சாமான்களை ஏலம் போட்டபோது, ஒரு மூங்கில் தூண்டில் கோலும், முட்கள் நிறைந்த தகரப் பெட்டியும், அட்டை இழந்த ஓர் ஆங்கிலப் புத்தகமும் இவர் கைக்கு வந்தன. புத்தகம் எங்கோ பனி உருகி ஓடும் குளிர்தேசத்து ஆறுகளைப் பற்றியது. எந்த மாதத்தில் எந்தப் பூச்சி ஆற்றின்மேல் பறக்கும், அதன் முதுகு என்ன நிறம், வயிறு என்ன நிறம் என்று பக்கம் பக்கமாக இருந்தது. சிவஞானம் அதை அலுவலக விதிகளைப் படிப்பது போலவே அடிக்கோடிட்டுப் படித்தார். வங்காள விரிகுடாவில் ஆறு இல்லை, பனி இல்லை, அந்தப் பூச்சி பிறந்ததே இல்லை, இங்கத்து மீன் அதன் படத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை. விதி என்றால் விதி.

அதிலும் புத்தகத்தின் பதினோராம் அத்தியாயம் அவரை ஆட்டிப் படைத்தது. பின்னல் ஈ! நூலை வெறுமனே சுற்றுவது பாமரர் வேலை. இரண்டு நிற நூல்களை முள்ளின் தண்டில் இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாய் முடைவதுபோல் பின்னினால், முதுகு கரும்பச்சையாகவும் வயிறு வெளிர் மஞ்சளாகவும் அமையும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு வயிறுதான் தெரியும். ஆகவே அது ஏமாறும். இந்த 'ஆகவே'யில் சிவஞானம் குடும்பமே நடத்தினார். கம்பளிக்காகக் குளிரே தெரியாத ஊரில் குரங்குக் குல்லாயைப் பிரித்தார். இறகுக்காகத் தாம் குடியிருந்த காலனியின் சேவல்களைத் துரத்தினார். கடைசியில் காலனியில் ஒரு சேவலுக்கும் வாலில்லை. எல்லாம் பின்பக்கத்தைச் சுவரோரமாக வைத்துக்கொண்டே நடந்தன. மேலே வார்னிஷ் பூசி, காய வைத்து, உரசி, மறுபடி பூசி, ஒவ்வொரு ஈக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவார். முதுகு, வயிறு, வால், தேதி, கடைசியாக 'குறிப்புரை' என்று ஒரு கட்டம். மூன்று வருஷத்தில் நூற்றுப் பதினைந்து ஈக்கள். நூற்றுப் பதினைந்து குறிப்புரைகள். மீன்?

அவசரப்படாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறைக்குப் போகும் ஊர்வலம் பார்க்கத் தக்கது. முன்னால் தொப்பியும் கோலுமாகச் சிவஞானம். பின்னால் தகரப் பெட்டி, பதிவேடு, வார்னிஷ் குப்பி, தயிர்சாதத் தூக்கு சகிதமாக அவர் மனைவி விசாலாட்சி. துறையின் படிக்கட்டில் தூத்துக்குடிச் சின்னப்பன் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். கடலிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். வாரம் முழுக்க வள்ளத்தில் போய் மீன் பிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பொழுதுபோக்குக்காக மறுபடியும் மீன் பிடிக்க வருவார். ஒரு துண்டு சாளை மீனை முள்ளில் குத்தி, கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு பீடி பற்ற வைப்பார். பீடி தீருமுன் ஒரு பாரை வந்து மாட்டும்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எத்தனாவது பூச்சி?"

"நூத்திப் பன்னெண்டு. வயித்துல ஒரு சரிகை இழை ஓட்டியிருக்கேன். பாரும், கூத்தை!"

கூத்துக்குக் குறைவே இருந்ததில்லை. இந்த முறையில் தூண்டிலை நம்மவர்போல் தண்ணீரில் இறக்கிவிடக் கூடாது. கோலைப் பின்னால் வீசி, முன்னால் வீசி, மறுபடி பின்னால் வீசி, தூண்டில் நரம்பு காற்றில் நெளிந்து நெளிந்து போய், ஈ மட்டும் தண்ணீரின்மேல் மெத்தென்று இறங்க வேண்டும். இந்த வீச்சில் சிவஞானம் மூன்று வருஷத்தில் பிடித்தவை: ஒரு வங்காளி வாத்தியாரின் குடை, சுங்கத்துக் காவலரின் தொப்பி, கட்டிப் போட்டிருந்த ஆடு, தம்முடைய சொந்தக் காது இரண்டு முறை. மீனினம் மட்டும் மரியாதையாக ஒதுங்கியே இருந்தது.

அதற்காக ஈயின் பலனைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வந்ததா? ஆயத்தப் புலிக்குச் சந்தேகமே வராது, விளக்கம்தான் வரும். வானம் வெளுத்திருந்தது. வானம் கறுத்திருந்தது. வளர்பிறையில் மீன் மேலே பார்க்காது. தேய்பிறையில் பார்க்கும், ஆனால் பசிக்காது. எல்லா விளக்கமும் தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னப்பனின் கூடையில் துள்ளிய நாலு பாரையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த ஊர் மீனுக்குப் பழக்கம் போதாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

"அரே அண்ணாச்சி, மச்லிக்கு நீங்கதான் ஸ்கூல் வைக்கணும்" என்று மீனுக்கு இந்தியில் பெயர் சொன்னார் சின்னப்பன்.

இதெல்லாம் யாருக்கும் கெடுதலில்லாத பைத்தியம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் ஒரு சிக்கல். மூன்று வருஷத்துக்கு முன்னால், காலனித் தமிழர்கள் கூடிக் கொண்டாடிய பொங்கல் விழாவில், யாரோ சீண்டிவிட, சிவஞானம் மேடையேறி மைக்கைப் பிடித்து, "பின்னல் ஈயால் ஒரு மீன் பிடிபடும்வரை நான் மெயின்லேண்டில் காலடி வைக்க மாட்டேன்!" என்று சபதம் போட்டுவிட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விசாலாட்சி மட்டும் தட்டவில்லை. அவர் காலடி வைக்காவிட்டால் அவள் காலடியும் வைக்க முடியாதே? கடலைத் தாண்டி நாலு நாள் தனியாகப் போய்வருவது அவள் கனவிலும் இல்லாத காரியம். அன்றுமுதல் மூன்று வருஷமாக அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தத் தை மாதம் கப்பல் கொண்டுவந்த தபாலில் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. விசாலாட்சியின் ஒரே தங்கை நீலாவதிக்குத் தை இருபத்தாறில் கல்யாணம். திரும்பும் கப்பல் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அதை விட்டால் அடுத்த கப்பல் மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் மறுவீட்டுப் பலகாரம்கூடத் தீர்ந்திருக்கும்.

"என்னங்க, ஒரு வரி எழுதிக் குடுத்தா லீவு குடுத்துருவாங்க. வளத்த புள்ள மாதிரிங்க அவ."

"போகாமலா? தாராளமாப் போவோம். நூத்திப் பதினாறு முடியப் போகுது. ஞாயித்துக்கிழமை மீன் விழும், வியாழக்கிழமை கப்பல். ஏன் கெடந்து தவிக்கே?"

"விழலேன்னா?"

சிவஞானம் அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "விசாலம், இதுல வயித்துக்கு மூணு நூல் பின்னியிருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் மேஜையில் குனிந்து நூற்றுப் பதினாறுக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, கொல்லையில் பூத்த கனகாம்பரத்தை ஈர வாழைநாரில் தொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பூவை எதிரெதிராக வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் கண்ணி வளைத்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான். பேச்சோ கண்ணோ அங்கே தேவையில்லை. கை தானாகச் செய்யும். பூ தீர்ந்துபோனது. கை நிற்கவில்லை. மேஜையடியில் விழுந்து கிடந்த தூண்டில் முள் ஒன்றை எடுத்தாள். குப்பையில் கிடந்த வெள்ளை இறகுகளில் இரண்டு, எதிரெதிராக. நார் ஒரு சுற்று, கண்ணி, இழு. மறுபடி இரண்டு. கடைசியில், கொண்டையில் முடிவதற்கு விடுவதுபோலவே வாலில் ஒரு சாண் நாரை வெட்டாமல் விட்டாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

"இதையும் ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்."

சிவஞானம் அதை வாங்கி, பூதக்கண்ணாடியில் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "முதுகும் இல்ல, வயிறும் இல்ல. வாலைப் பாரு, வழிச்சிக்கிட்டு நிக்கி! இதை மீன் பாத்தா அர்ச்சனைத் தட்டுன்னு நெனச்சுக்கிடும்" என்று திருப்பிக் கொடுத்தார். அவள் அதை முந்தானை முடிச்சில் முடிந்துகொண்டாள்.

ஞாயிறு விடிந்தது. கடல் எண்ணெய் விட்டதுபோல் அமைதியாக இருந்தது. சின்னப்பன் வந்திருந்தார், வியாழக்கிழமைக் கப்பலில் ஊருக்குப் போகவிருந்த அவர் மனைவி கிரேசியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். சிவஞானம் பெட்டியைத் திறந்து நூற்றுப் பதினாறை எடுத்தார். தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. வார்னிஷ் காயவில்லை!

"அஞ்சு நிமிஷம். விசாலம், இந்தக் கோலைக் கொஞ்சம் புடி."

படிக்கட்டில் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் அரைமணி ஆயிற்று, அரைமணி ஒரு மணி ஆயிற்று. ஊதினார், வெயிலில் காட்டினார், பதிவேட்டால் விசிறினார். விசாலாட்சி கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கை கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் தான் இதே இடத்தில் இதே கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறோம் என்று அவளுக்குப் பட்டென்று தெரிந்துவிட்டது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தன் ஈயை நரம்பில் மாட்டினாள். முன்வீச்சு பின்வீச்சு ஒன்றுமில்லை. நேராகத் தண்ணீரில் இறக்கி, துறையின் ஓரமாகவே விறுவிறுவென்று நடந்தாள். வெள்ளை இறகு தண்ணீரின்மேல் கோடு கிழித்துக்கொண்டு பின்னால் ஓடியது. பத்தடி நடந்திருப்பாள்.

"அய்யய்யோ! என்னங்க! என்னமோ புடிச்சு இழுக்கி!"

தண்ணீர் வெடித்தது. ஒரு முழ நீளத்தில் ஊசிமூக்கு வைத்த வெள்ளி மீன் ஒன்று வாலை ஊன்றி எழுந்து, கடல்மேல் நின்று ஆடியது.

"முரல்! முரல்! விடாதீங்கக்கா!" என்று கத்தினார் சின்னப்பன்.

"எனக்கு வேண்டாம்! யாராவது வாங்கிக்கிடுங்களேன்! முருகா, நான் தொட மாட்டேன்!" என்று கத்தினாள் விசாலாட்சி. ஆனால் கோலை விடவில்லை. மீன் இடப்பக்கம் ஓட இவளும் ஓடினாள், வலப்பக்கம் ஓட இவளும் ஓடினாள். கொண்டை அவிழ்ந்தது, தயிர்சாதத் தூக்கு உருண்டு கடலில் விழுந்தது, கிரேசி மாதாவைக் கூப்பிட்டாள். சிவஞானம் ஒரு கையில் ஈர ஈயோடும் மறு கையில் புத்தகத்தோடும், "கோலை உசத்து! நாப்பத்தஞ்சு டிகிரி! அம்பத்திமூணாம் பக்கம்!" என்று அலறினார். மீன் அவர் காலடியிலேயே வந்து விழுந்து அவர் வேட்டியை நனைத்தது. துறையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

"அரே, சபதம் முடிஞ்சுது!" என்று சின்னப்பன் குதித்தார். "அண்ணாச்சி, பொட்டிய கட்டுங்க. சலோ மெயின்லேண்டு!"

விசாலாட்சி மூச்சு வாங்கிக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவள் முகத்தில் இல்லாத ஒரு சிரிப்பு அப்போது இருந்தது. சிவஞானம் குனிந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, மீனின் வாயைக் கூர்ந்து ஆராய்ந்தார். நெடுநேரம் ஆராய்ந்தார்.

"முள் ஏறவே இல்லை" என்றார்.

உண்மைதான். முரலின் மூக்கெல்லாம் பொடிப்பொடியாகப் பல். வெட்டாமல் விட்ட வாழைநார் அந்தப் பற்களில் சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. முள் சும்மா பக்கத்தில் தொங்கியது. இவருடைய நூற்றுப் பதினாறு ஈக்களும் வார்னிஷ் போட்டு வழவழவென்று, ஒரு இழைகூடத் துருத்தாமல், எந்தப் பல்லிலும் மாட்டாத அழகோடு இருந்தன என்பதை நாம் கவனித்தோம். அவர் கவனிக்கவில்லை.

"இது பிடிபட்ட மீன் இல்ல, சிக்கிக்கிட்ட மீன். பின்னலும் இல்ல, பூக்கட்டு. பதிவேட்டுல எந்தக் கட்டத்துல எழுதுறது? சின்னப்பன், ஒண்ணு செய்யும். அதைத் திரும்பத் தண்ணியில விடும். நூத்திப் பதினாறு இன்னும் பத்து நிமிஷத்துல காஞ்சிரும். முறைப்படி புடிச்சிருவோம்."

சின்னப்பன் பீடியைக் கீழே போட்டார். அந்த முரல்கூடத் துள்ளுவதை நிறுத்திவிட்டது.

"சரி" என்றாள் விசாலாட்சி. அவ்வளவுதான் சொன்னாள். கொண்டையை முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். பிரயாணப் படிவம். ஒரே பெயர்தான் எழுதியிருந்தது.

"கிரேசியோட போறேன். மெட்ராஸுல தம்பி வந்து கூட்டிட்டுப் போவான். கையெழுத்துப் போடுங்க."

"நீயா? தனியாவா? மார்க்கெட்டுக்கே தனியாப் போனதில்லையே!"

"நேத்துவரைக்கும் மீன்கூடப் புடிச்சதில்லைதான்."

சிவஞானம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போக மாட்டாள் என்று அவருக்கு நிச்சயம். செவ்வாய் போயிற்று. புதன்கிழமை காலை, பரணிலிருந்து பெட்டி இறங்கும் சத்தம் கேட்டபோதுதான் மனுஷனுக்கு விஷயம் உறைத்தது. இருபது வருஷத்தில் அவள் இல்லாத வீட்டில் ஒருநாள்கூட அவர் இருந்ததில்லை. ஓடினார். லீவு விண்ணப்பம் எழுதினார், டிக்கெட்டுக்கு ஆளைப் பிடித்தார், எல்லாம் அன்று மத்தியானத்துக்குள் முடிந்தது. "விசாலம், நானும் வாரேன்! மீன் மீன்தான், ஒத்துக்கிடுதேன்!" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கும் இட்லி கட்டினாள்.

இங்கே கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்?

வியாழக்கிழமை எட்டு மணிக்கு, "நீ கிரேசியோட முன்னால போ, நான் படுக்கையைச் சுருட்டிட்டுப் பின்னாலயே வந்துருதேன்" என்றார். படுக்கையைச் சுருட்டினார். வார் ஒரு துளை தளர்வாக இருந்தது. அவிழ்த்து மறுபடி சுருட்டினார். கப்பலில் குமட்டாமலிருக்க எலுமிச்சம்பழம் எடுத்தார்; பழத்தைத் துடைத்தார்; துடைத்த பழத்தை வைக்க ஒரு பை தேடினார். பெட்டியின்மேல் பெயர் எழுதினார். எழுத்து கோணிவிட்டது. சுரண்டிவிட்டு ஸ்கேல் வைத்து எழுதினார். துறைமுகத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது, தளரக் கட்டிய வார் எதுவும் அவரிடம் இல்லை, கோணல் எழுத்து ஒன்றும் இல்லை. கப்பலும் இல்லை. இருபது கஜம் தண்ணீருக்கு அப்பால் அது மெல்ல வளைந்துகொண்டிருந்தது.

கம்பியோரத்தில் விசாலாட்சி நின்றாள். அவரைப் பார்த்ததும் முதலில் இரண்டு கையையும் நீட்டினாள். பிறகு படுக்கையின் ஒழுங்கான சுருட்டலைப் பார்த்தாள், பெட்டியின் நேரான எழுத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய, கப்பலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிவஞானம் கையாட்டினார். அந்த மனுஷனுக்கு அவள்மேல் பிரியம் இல்லையென்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள். பிரியம் நிறைய இருந்தது. அதையும் அவர் இன்னும் கொஞ்சம் சரிசெய்துவிட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். எத்தனையோ நாளாக நாளைக்கு ஆகட்டும் என்று ஒன்றைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிற நீங்கள், இதைப் படித்ததும், "இந்த ஆளு நம்ம இன்னார் மாதிரியே இருக்கான்!" என்று வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டக் கிளம்புவீர்கள். தாராளமாகக் கிளம்புங்கள். கண்ணாடியைத் துடைத்து, விளக்கைச் சரிபார்த்து, நாற்காலியை வாகாகப் போட்டுக்கொண்டு உட்கார்வதற்கு முன்னால், உள்ளறையில் கேட்கிறவர் இன்னும் இருக்கிறாரா என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.